ஒரே படம், மூன்று வடிவம்: எதை அனுப்புவது என்று சர்வரையே தேர்ந்தெடுக்க வைப்பது எப்படி

அத்தை வீட்டுப் பாத்திரக் கடையின் வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் என்று கிட்டத்தட்ட 1,400 பொருள்களின் படங்கள் அதில் இருக்கின்றன. பக்கம் திறக்க நேரமாகிறதே என்று எல்லா ஜேபெக் படங்களையும் வெப்பி, ஏவிஐஎஃப் என்ற புதிய, அளவு குறைந்த வடிவங்களுக்கு மாற்றினேன். எந்த பிரவுசருக்கு எது ஒத்துக்கொள்ளுமோ அதை சர்வரே எடுத்துக் கொடுக்கும்படியும் அமைத்தேன். என் லேப்டாப்பில் நன்றாக இருந்தது, போனிலும் நன்றாக இருந்தது. மறுநாள் காலை அத்தை கூப்பிட்டார்: "தம்பி, கடைப் படம் ஒண்ணுமே தெரியலப்பா. எல்லா இடத்துலயும் சின்னதா நீலக் கேள்விக்குறிதான் இருக்கு." அவர் கையில் இருப்பது முதல் தலைமுறை ஐபேட் ஏர்.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. வழிமுறைகள் எங்கும் கிடைக்கின்றன, ஆனால் பாதியில் நின்றுவிடுகின்றன. எப்படித் தேர்ந்தெடுக்க வைப்பது என்று சொல்கிறார்கள். தேர்ந்தெடுத்ததை நடுவில் இருப்பவர்களுக்கு (சர்வருக்கும் பிரவுசருக்கும் இடையில் படங்களைச் சேமித்து வைத்துக் கொடுக்கும் அமைப்புகளுக்கு) எப்படிச் சொல்வது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். வேலை கெட்டுப்போவது அந்த இடத்தில்தான். கீழே உள்ள வரிசையில் செய்தால் உங்களுக்கு ஒரு நாளுக்குள் முடிந்துவிடும்.

ஒரு குறிப்பு: கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பை வைத்துத் தமிழில் எழுதியிருக்கிறேன். கான்ஃபிக் ஃபைலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

1. முதலில் இது உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள்

உங்கள் தளத்தில் இருப்பது முப்பது நாற்பது படங்கள்தான், பக்கங்களின் எச்டிஎம்எல்லும் உங்கள் கையில்தான் இருக்கிறது என்றால், சர்வரைத் தொடவே வேண்டாம். "பிக்சர்" என்ற டேக் இருக்கிறது. அதற்குள் ஏவிஐஎஃப்புக்கு ஒரு சோர்ஸ், வெப்பிக்கு ஒரு சோர்ஸ், கடைசியில் வழக்கமான ஜேபெக் என்று மூன்றையும் எழுதிவிட்டால், பிரவுசர் தனக்குத் தெரிந்ததில் முதலாவதை எடுத்துக்கொள்ளும். மூன்றுக்கும் முகவரி தனித்தனி என்பதால் கேஷ் (ஒருமுறை வந்ததைச் சேமித்து வைத்து மறுபடி கொடுப்பது) குழப்பம் எதுவும் வராது. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான்.

சர்வர் தேர்ந்தெடுக்கும் முறை வேறொரு நிலைமைக்கானது. ஆயிரக்கணக்கான பழைய பக்கங்களில் படத்தின் முகவரி ஏற்கெனவே பதிந்துபோயிருக்கும், அவற்றை ஒவ்வொன்றாக மாற்ற முடியாது. அல்லது படங்களின் முகவரி வெளியில் வேறு எங்கெங்கோ பகிரப்பட்டிருக்கும். எங்கள் கடைக்கு இரண்டும் பொருந்தியது. முகவரி ஜேபெக் என்றே இருக்கும், உள்ளே வரும் சரக்கு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

2. பிரவுசர் என்ன கேட்கிறது என்று கண்ணால் பாருங்கள்

இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். குரோமில் உங்கள் தளத்தைத் திறந்து, டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், ஏதாவது ஒரு படத்தைச் சொடுக்குங்கள். ரிக்வெஸ்ட் ஹெடர்களில் (பிரவுசர் கோரிக்கையோடு அனுப்பும் குறிப்புகளில்) "அக்செப்ட்" என்று ஒரு வரி இருக்கும். குரோம் ஒரு படத்தைக் கேட்கும்போது அந்த வரி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

இமேஜ்/ஏவிஐஎஃப், இமேஜ்/வெப்பி, இமேஜ்/ஏபிஎன்ஜி, இமேஜ்/எஸ்விஜி+எக்ஸ்எம்எல், இமேஜ்/*, */*;க்யூ=0.8

"எனக்கு ஏவிஐஎஃப் தெரியும், வெப்பி தெரியும், வேறு படம் எதுவானாலும் சரி, படமே இல்லாத வேறொன்று வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அதில் விருப்பம் கொஞ்சம் குறைவு" என்பதுதான் இதன் பொருள். க்யூ என்பது விருப்பத்தின் அளவு. 0 முதல் 1 வரை இருக்கும், எதுவும் போடாவிட்டால் 1. முதலில் எழுதியதற்கு முன்னுரிமை என்று இல்லை, க்யூ மதிப்புதான் கணக்கு. குரோமின் வரியில் ஏவிஐஎஃப், வெப்பி இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான். அதனால் எதைக் கொடுப்பது என்ற முடிவு உங்கள் சர்வரின் கையில் இருக்கிறது.

இப்போது அத்தையின் ஐபேடைப் பாருங்கள். அந்த மாடல் ஐஓஎஸ் 12 உடன் நின்றுவிட்டது. சஃபாரியில் வெப்பி வந்தது ஐஓஎஸ் 14-இல். அந்தப் பழைய சஃபாரி அனுப்பும் வரியில் பிஎன்ஜி இருக்கும், எஸ்விஜி இருக்கும், "இமேஜ்/*" என்பதும் இருக்கும். வெப்பி என்ற சொல் மட்டும் இருக்காது.

முதல் பொறி இங்கேதான் இருக்கிறது. "இமேஜ்/*" என்று பார்த்ததும் "எந்தப் படமும் சரி என்கிறதே, வெப்பி கொடுப்போம்" என்று விதி எழுதாதீர்கள். நட்சத்திரக் குறியை யாரும் வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெப்பி என்ற பெயர் எழுத்து எழுத்தாக இருந்தால் மட்டும் வெப்பி, ஏவிஐஎஃப் என்ற பெயர் இருந்தால் மட்டும் ஏவிஐஎஃப், மற்ற எல்லாருக்கும் ஜேபெக். கட்டளை வரியிலிருந்து முகவரிகளைக் கேட்கும் கர்ல் போன்ற கருவிகளும் இன்னும் பல புரோகிராம்களும் வெறும் "*/*" மட்டுமே அனுப்பும். அவற்றுக்கு ஜேபெக் போனால் யாருக்கும் தொல்லை இல்லை.

இரண்டாவது பொறி, பிரவுசரின் பெயரையும் பதிப்பு எண்ணையும் வைத்து முடிவெடுப்பது. சஃபாரி 14 வெப்பியைக் காட்டும் என்பது உண்மை. ஆனால் மேக்கில் அதற்கு பிக் சர் என்ற மேக்ஓஎஸ் பதிப்பு இருக்க வேண்டும், அதற்கு முந்தைய மேக்ஓஎஸ்ஸில் அதே சஃபாரி 14 காட்டாது. எட்ஜும் குரோமும் ஒரே எஞ்சினில் ஓடுகின்றன. குரோமில் ஏவிஐஎஃப் 2020-இலேயே வந்துவிட்டது, எட்ஜில் 2024 ஜனவரியில் 121-ஆம் பதிப்பில்தான் வந்தது. பதிப்புப் பட்டியல் வைத்துக்கொண்டு இதையெல்லாம் துரத்த முடியாது. அக்செப்ட் வரியை நம்புங்கள்.

3. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

பாதியில் நிறுத்திவிட்டு பாஸ்வேர்டு தேடக் கூடாது. அதனால் இவற்றை முன்பே எடுத்து வையுங்கள்.

சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்எச் கணக்கு. ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் ஃபைல் மேனேஜரும், எச்டிஅக்சஸ் ஃபைலை (அப்பாச்சி சர்வரின் விதிகளை எழுதும் ஃபைல்) திருத்தும் அனுமதியும் போதும். படங்கள் இருக்கும் ஃபோல்டரின் முழு பேக்கப். கான்ஃபிக் ஃபைலின் இன்றைய நகல், தேதியைப் பெயரில் சேர்த்து. சிடிஎன் (உங்கள் படங்களின் நகல்களைப் பல இடங்களில் சேமித்து வைத்துக் கொடுக்கும் சேவை) வைத்திருந்தால் அதன் டாஷ்போர்டுக்குள் போகும் லாகின், முக்கியமாக கேஷைக் காலி செய்யும் அனுமதியோடு. கடைசியாக, பழைய கருவி ஒன்று. யார் வீட்டிலாவது ஐஓஎஸ் 12-இல் நின்றுபோன ஐபோன் 6 இருந்தால் இரண்டு நாள் கடன் வாங்குங்கள்.

ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் அளவு மட்டுமல்ல, ஐநோடு வரம்பும் இருக்கும். ஐநோடு என்றால் ஃபைல்களின் எண்ணிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். கன்ட்ரோல் பேனலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். ஜிபி கணக்கில் பாதிகூட நிரம்பாமல் ஐநோடு முதலில் தீர்ந்துபோவது இந்த வேலையில் சாதாரணம். ஒரு படம் ஏற்றினால் வேர்ட்பிரஸ் பல அளவுகளில் நகல் எடுக்கும். அந்த ஒவ்வொரு நகலுக்கும் நீங்கள் இன்னும் இரண்டு ஃபைல் சேர்க்கப்போகிறீர்கள். எங்கள் 1,400 படங்கள் அளவு நகல்களோடு 7,000 ஃபைலாக இருந்தன. முடித்தபோது 21,000.

4. படங்களை மாற்றுங்கள்

கருவிகளுக்குப் பணம் எதுவும் தேவையில்லை. வெப்பிக்கு கூகுளின் "சிவெப்பி", ஏவிஐஎஃப்புக்கு "ஏவிஐஎஃப்என்க்". இரண்டும் லினக்ஸ் தொகுப்புகளாகவே கிடைக்கும்.

பெயர் வைப்பதில்தான் கவனம் வேண்டும். குடம் என்ற படம் ஜேபெக்காக இருந்தால், புதிய ஃபைலுக்கு "குடம்.வெப்பி" என்று வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். அதே ஃபோல்டரில் குடம் என்ற பெயரில் ஒரு பிஎன்ஜியும் இருந்தால் இரண்டும் ஒரே வெப்பியில் மோதி, ஒன்று மற்றொன்றின் மேல் எழுதிவிடும். முழுப் பெயருக்குப் பின்னால் ஒட்டுங்கள்: "குடம்.ஜேபிஜி.வெப்பி". பார்க்க நீளமாக இருந்தாலும் எது எதிலிருந்து வந்தது என்பது பெயரிலேயே தெரியும். அடுத்த படியில் எழுதப்போகும் விதியும் இதனால் எளிதாகிவிடும்.

தரம்: சிவெப்பி எதுவும் சொல்லாவிட்டால் 75 என்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான படங்களுக்கு அது போதும். பித்தளைப் பாத்திரத்தின் பளபளப்பில் மட்டும் எனக்கு லேசாகக் கோடு கோடாகத் தெரிந்தது, அவற்றுக்கு 82 வைத்தேன். உங்கள் படங்களில் மிகக் கடினமான பத்தை எடுத்து முதலில் கண்ணால் ஒப்பிட்டுவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள். ஒப்பிடக்கூடிய ஜேபெக்கைவிட வெப்பி 25 முதல் 34 சதவீதம் சிறியது என்பது கூகுள் தரும் கணக்கு. எங்களுடையதில் 1.1 ஜிபி ஜேபெக்குகளுக்கு வெப்பிகள் ஏறத்தாழ 750 எம்பி, ஏவிஐஎஃப்கள் 550 எம்பி வந்தன. பழையதை அழிக்கப்போவதில்லை என்பதால் டிஸ்கில் மொத்தம் 2.4 ஜிபி ஆகும். மிச்சம் படம் பார்ப்பவரின் டேட்டாவில், உங்கள் டிஸ்கில் கூடுதல் செலவு.

நேரம்: ஒரே கோர் உள்ள சின்ன விபிஎஸ்ஸில் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரில்) 7,000 வெப்பிகளுக்கு அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. ஏவிஐஎஃப்புக்கு மூன்று மணி நேரம். அந்த மூன்று மணி நேரமும் சிபியு முழுவதையும் அது பிடித்துக்கொள்ளும், கடைத் தளம் திணறும். முடிந்தால் உங்கள் சொந்தக் கணினியில் மாற்றி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் மற்ற வேலைகளுக்கு வழிவிடச் சொல்லும் "நைஸ்" கட்டளையைப் போட்டு இரவில் ஓட விடுங்கள்.

சில படங்களில் வெப்பி மூலத்தைவிடப் பெரிதாக வரும். ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்ட சின்னப் படங்களில் இது நடக்கும். மாற்றிய பிறகு இரண்டின் அளவையும் ஒப்பிட்டு, பெரிதாக வந்ததை அழித்துவிடும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேருங்கள். அழித்தாலும் பிழை வராது, சர்வர் ஜேபெக்குக்கே திரும்பிவிடும். வெப்பியின் ஒரு பக்கம் 16,383 பிக்சலைத் தாண்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். மிக நீளமான விலைப்பட்டியல் படங்கள் இதில் மாட்டும்.

5. சர்வரில் விதியை எழுதுங்கள்

முதலில் உங்களுடையது எந்த சர்வர் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். என்ஜின்எக்ஸ், அப்பாச்சி இரண்டுக்கும் வழி வேறு.

என்ஜின்எக்ஸ் என்றால்: இதில் வடிவத்தைத் தானாகத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளே கட்டப்பட்டிருக்கவில்லை. "மேப்" என்ற கட்டளையை வைத்து நாமே செய்ய வேண்டும். அக்செப்ட் வரியில் ஏவிஐஎஃப் என்ற சொல் இருந்தால் ஒரு மாறியில் ".ஏவிஐஎஃப்" என்று வை, வெப்பி இருந்தால் இன்னொரு மாறியில் ".வெப்பி" என்று வை என இரண்டு மேப் எழுதுங்கள். மேப் எழுத வேண்டிய இடம் எச்டிடிபி பிளாக், சர்வர் பிளாக்குக்குள் போட்டால் ஏற்காது. உபுண்டு, டெபியனில் கான்ஃப்.டி ஃபோல்டரில் தனி ஃபைலாகப் போட்டால் சரியான இடத்தில் போய் உட்காரும்.

அப்புறம் படங்களுக்கான லொகேஷன் பிளாக்கில் (எந்த முகவரிகளுக்கு என்ன செய்வது என்று சொல்லும் பகுதியில்) "ட்ரை ஃபைல்ஸ்" (சொற்களுக்கு நடுவில் கீழ்க்கோடு) போட்டு, வரிசையாக மூன்றைத் தேடச் சொல்லுங்கள்: கேட்ட பெயரோடு ஏவிஐஎஃப் மாறியை ஒட்டியது, கேட்ட பெயரோடு வெப்பி மாறியை ஒட்டியது, கேட்ட பெயர் மட்டும். மூன்றும் இல்லையென்றால் 404.

இங்கே மிகவும் நைசாக ஒரு பொறி இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். மேப்பில் "பொருந்தாவிட்டால் வெறுமை" என்று எழுதுவதுதான் வழக்கம். வெப்பி மட்டும் வைத்திருக்கும்போது அது சரி. இரண்டு மாறி வைத்திருக்கும்போது என்ன ஆகும்? வெப்பி மட்டும் தெரிந்த ஒரு பிரவுசர் வருகிறது. ஏவிஐஎஃப் மாறி வெறுமை. ட்ரை ஃபைல்ஸின் முதல் தேடல் "கேட்ட பெயர் + வெறுமை", அதாவது ஜேபெக்கே. அது டிஸ்கில் இருக்கிறது. உடனே அதை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடும். வெப்பி வரை வரவே வராது. பிழைச் செய்தியும் இருக்காது, படமும் தெரியும், நீங்கள் செய்த வேலை மட்டும் வீண். வெறுமைக்குப் பதிலாக, டிஸ்கில் ஒருபோதும் இருக்க முடியாத ஒரு வாலை (ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளியோடு வரும் பகுதியை) வையுங்கள். நான் ".கிடையாது" என்ற பொருளில் ஒரு சொல் வைத்திருக்கிறேன். அந்தப் பெயரில் ஃபைல் இருக்காது, தேடல் அடுத்ததற்கு நகரும்.

இன்னும் இரண்டு கவனிக்க வேண்டும். ஜேபெக்குகளை 30 நாள் கேஷ் செய்யச் சொல்லும் பழைய லொகேஷன் பிளாக் ஒன்று உங்கள் ஃபைலில் ஏற்கெனவே இருக்கலாம். ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவத்தை வைத்துப் பொருத்திப் பார்க்கும்) லொகேஷன்களில் ஃபைலில் முதலில் பொருந்துவதுதான் ஜெயிக்கும். பழையது மேலே இருந்தால் உங்கள் புதிய பிளாக் ஓடவே ஓடாது. இரண்டையும் ஒன்றாக்குங்கள். அப்புறம் மைம் டைப்ஸ் ஃபைலில் (எந்த வால் எந்த வகை ஃபைல் என்ற பட்டியலில்) ஏவிஐஎஃப் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய நிறுவல்களில் இருக்காது. இல்லாவிட்டால் படம் "ஆக்டெட் ஸ்ட்ரீம்" என்ற பொதுப் பெயரோடு போகும். முகவரியைத் தனியாகத் திறந்தால் படம் தெரிவதற்குப் பதில் டவுன்லோடு ஆகும்.

அப்பாச்சி என்றால்: இதில் "மல்டிவியூஸ்" என்ற வசதி பிறப்பிலேயே உண்டு. ஆனால் கேட்ட பெயரில் ஃபைல் இல்லாதபோதுதான் அது வேலை செய்யும். "குடம்" என்று வாலில்லாமல் கேட்டால் தேர்ந்தெடுக்கும். "குடம்.ஜேபிஜி" என்று கேட்டு அந்த ஃபைல் இருந்தால் அதையே கொடுத்துவிடும். நம் முகவரிகளில் வால் இருப்பதால் அது நமக்கு உதவாது. கேட்ட பெயரை உள்ளுக்குள் வேறொரு ஃபைலுக்கு மாற்றும் ரீரைட் விதிதான் வழி. அக்செப்டில் இமேஜ்/வெப்பி இருக்க வேண்டும், கேட்ட ஃபைலின் பெயரோடு வெப்பி ஒட்டிய ஃபைல் டிஸ்கில் இருக்க வேண்டும், இரண்டும் சரி என்றால் அதைக் கொடு. ஏவிஐஎஃப்புக்கு இதே விதியை அதற்கு மேலே எழுதுங்கள்.

வேர்ட்பிரஸ்காரர்கள் இந்த வரிகளை எச்டிஅக்சஸில் "பிகின் வேர்ட்பிரஸ்", "எண்டு வேர்ட்பிரஸ்" என்ற இரண்டு குறிப்புகளுக்கு நடுவில் எழுதக் கூடாது. அந்தப் பகுதியை வேர்ட்பிரஸ் தானே திரும்ப எழுதும், உங்கள் விதி ஒருநாள் சொல்லாமல் காணாமல் போகும். அதற்கு மேலே எழுதுங்கள்.

எல்லாம் சரியாக எழுதியும் எச்டிஅக்சஸ் விதி அசையவே இல்லையா? உங்கள் ஹோஸ்டிங்கில் அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் உட்கார்ந்து, படங்களைத் தானே கொடுத்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால் படத்துக்கான கோரிக்கை அப்பாச்சி வரை போவதே இல்லை. ஹோஸ்டிங் உதவி மையத்துக்கு எழுதும்போது "ஜேபெக், பிஎன்ஜி கோரிக்கைகளை அப்பாச்சிக்கு அனுப்புங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள். "வெப்பி வேலை செய்யவில்லை" என்று எழுதினால் பதில் வரவே இரண்டு நாள் ஆகும்.

6. "வேரி" ஹெடரைச் சேருங்கள், சேர்ந்ததா என்றும் பாருங்கள்

அத்தை ஐபேடில் கேள்விக்குறி வந்தது இதனால்தான். ஒரே முகவரிக்கு ஆளுக்கொரு பதில் கொடுக்கிறோம். நடுவில் இருக்கும் கேஷுக்கு அது எப்படித் தெரியும்? நாம் சொன்னால்தான் தெரியும். "வேரி: அக்செப்ட்" என்ற ஹெடர் அதைத்தான் சொல்கிறது: இந்தப் பதில் அக்செப்ட் வரியைப் பார்த்துக் கொடுத்தது, வேறு அக்செப்டோடு வருபவருக்கு இதையே தூக்கிக் கொடுக்காதே.

நான் அதை எழுதத்தான் செய்தேன். "ஆட் ஹெடர்" கட்டளையாக சர்வர் பிளாக்கில் எழுதினேன். ஆனால் படங்களின் லொகேஷன் பிளாக்கில் கேஷ் நாள்களுக்காக வேறொரு ஆட் ஹெடர் ஏற்கெனவே இருந்தது. என்ஜின்எக்ஸில் உள் பிளாக்கில் ஒரே ஒரு ஆட் ஹெடர் இருந்தாலும் வெளி பிளாக்கின் ஆட் ஹெடர்கள் எதுவும் உள்ளே வராது. சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. வேரி இல்லாமலே படங்கள் போயின. குரோமில் யாரோ முதலில் பார்த்த வெப்பியை சிடிஎன் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்து வந்த ஐபேடுக்கும் அதையே கொடுத்தது. நான் சர்வரிடம் நேரடியாகச் சோதித்தபோதெல்லாம் ஐபேடுக்கு ஜேபெக்தான் போனது. அதனால் மூன்று நாள் ஐபேடையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். அத்தை அதற்குள் அதை இரண்டு முறை ரீசெட் செய்திருந்தார்.

ஆகவே: என்ஜின்எக்ஸில் வேரி வரியைப் படங்களின் லொகேஷன் பிளாக்குக்குள்ளேயே எழுதுங்கள். அப்பாச்சியில் "ஹெடர்" கட்டளையில் "செட்" போடாமல் "மெர்ஜ்" போடுங்கள். செட் போட்டால் ஏற்கெனவே அங்கே இருக்கும் வேரி மதிப்பு அழிந்துபோகும். எந்த ஃபைல்களுக்கு அந்த ஹெடர் என்று சொல்லும் ஃபைல்ஸ்மேட்ச்சில் ஜேபெக், பிஎன்ஜியோடு வெப்பி, ஏவிஐஎஃப்பையும் சேருங்கள், ஏனென்றால் ரீரைட்டுக்குப் பிறகு போகும் ஃபைலின் பெயர் வெப்பியில்தான் முடிகிறது.

ஜேபெக் போகும்போதும் வேரி போக வேண்டும். வெப்பிக்கு மட்டும் போட்டால், முதலில் ஒருவருக்குப் போன ஜேபெக்கை கேஷ் பிடித்து வைத்து எல்லாருக்கும் அதையே கொடுக்கும். உடைந்த படம் எதுவும் வராது, நீங்கள் பட்ட பாட்டுக்குப் பலனும் வராது.

7. சிடிஎன் இருந்தால் அதையும் தனியாக அமைக்க வேண்டும்

வேரியை அனுப்பிவிட்டோம், சிடிஎன் மதிக்கும் என்று விட்டுவிடாதீர்கள். பல சிடிஎன்கள் முகவரியை மட்டும் வைத்தே சேமிக்கும். அமேசான் கிளவுட்ஃப்ரண்டில் கேஷ் பாலிசியில் அக்செப்ட் ஹெடரை நீங்களே சேர்க்க வேண்டும். மற்றவற்றில் அவற்றின் ஆவணத்தில் "வேரி", "கேஷ் கீ" (எதை வைத்து நகல்களைப் பிரித்துச் சேமிப்பது என்ற அடையாளம்) என்ற இரண்டு சொற்களைத் தேடிப் படியுங்கள். உங்கள் திட்டத்தின் விலையில் அந்த வசதி உண்டா என்றும் சேர்த்துப் பாருங்கள், சில இடங்களில் கட்டணத் திட்டங்களில் மட்டுமே கிடைக்கும்.

அக்செப்ட் வரி முழுவதையும் கேஷ் கீயில் சேர்த்தால் வேறொரு சிக்கல். குரோமின் வரி வேறு, ஃபயர்ஃபாக்ஸின் வரி வேறு, சஃபாரியின் வரி வேறு. ஒரே வெப்பி ஐந்தாறு நகலாகச் சேமிக்கப்படும், ஒவ்வொன்றுக்கும் முதல் முறை உங்கள் சர்வருக்கே கோரிக்கை வரும். முடிந்தால் சிடிஎன் வாசலிலேயே அந்த வரியை "ஏவிஐஎஃப்", "வெப்பி", "வழக்கமானது" என்று மூன்று சொற்களில் ஒன்றாகச் சுருக்கி, அந்தச் சொல்லைக் கீயில் சேருங்கள். கிளவுட்ஃப்ரண்ட் ஃபங்ஷன் போன்ற சின்னக் கோடு இதற்குப் போதும்.

எதுவும் கைகூடவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. படங்களுக்கு "கேஷ் கன்ட்ரோல்: பிரைவேட்" அனுப்பலாம். நடுவில் இருப்பவர்கள் சேமிக்க மாட்டார்கள், பிரவுசர் மட்டும் சேமிக்கும், ஆனால் சிடிஎன் வைத்திருப்பதன் பயன் படங்களுக்குப் போய்விடும். அல்லது முதல் படியில் சொன்ன பிக்சர் டேகுக்குத் திரும்புங்கள். நான் அந்த இடத்தில் இருந்தால் பிக்சர் டேகையே எடுப்பேன்.

8. மூன்று வேடத்தில் சோதியுங்கள்

கர்ல் கருவியில் "மைனஸ் பெரிய எச்" போட்டு அக்செப்ட் வரியை நாமே எழுதி அனுப்பலாம். ஒரே படத்தை மூன்று முறை கேளுங்கள்: இமேஜ்/ஏவிஐஎஃப் என்று ஒருமுறை, இமேஜ்/வெப்பி என்று ஒருமுறை, இமேஜ்/பிஎன்ஜியும் இமேஜ்/*-உம் மட்டும் போட்டு ஒருமுறை. மூன்றிலும் "கன்டென்ட் டைப்" மாற வேண்டும், "கன்டென்ட் லெங்த்" மாற வேண்டும், மூன்றிலும் வேரி இருக்க வேண்டும்.

சர்வரிடம் நேராக ஒருமுறை, சிடிஎன் வழியாக ஒருமுறை என்று இரண்டு இடத்திலும் சோதியுங்கள். சிடிஎன் வழியாகச் சோதிக்கும்போது வரிசையும் முக்கியம். முதலில் வெப்பி கேட்டு அதைச் சேமிக்க வையுங்கள், அதன் பிறகு உடனே பழைய சஃபாரி வேடத்தில் கேளுங்கள். ஜேபெக் வந்தால் நிம்மதி. நான் சர்வரிடம் மட்டும் சோதித்து ஏமாந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

பிரவுசரில் பார்க்கும்போது நெட்வொர்க் பகுதியில் "டிசேபிள் கேஷ்" டிக் போட்டுக்கொள்ளுங்கள். பெயர் ஜேபிஜி என்றும், டைப் பத்தியில் வெப்பி அல்லது ஏவிஐஎஃப் என்றும் தெரிந்தால் சரியாக நடக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் "ஃபெட்ச்" மூலம் படத்தை எடுக்கும் தளங்களில் மட்டும் ஜேபெக்கே வரும், ஏனென்றால் ஃபெட்ச் அனுப்புவது "*/*". அது உங்கள் விதியின் தவறல்ல.

9. திறந்துவிடும் நேரம்

முந்தைய நாளே படங்களின் கேஷ் காலத்தைக் குறைத்துவிடுங்கள். 30 நாள் என்று இருப்பதை ஒரு மணி நேரமாக்குங்கள். தவறு நடந்தால் தவறான படம் யார் பிரவுசரிலும் 30 நாள் உட்காராது. கூட்டம் குறைவான நேரமாகப் பாருங்கள். கடைத் தளத்துக்கு அது காலை ஐந்து மணி.

என்ஜின்எக்ஸில் முதலில் "மைனஸ் டி" போட்டு கான்ஃபிக்கைச் சோதித்துவிட்டு "ரீலோடு" செய்யுங்கள், "ரீஸ்டார்ட்" வேண்டாம். ரீலோடில் எழுத்துப்பிழை இருந்தாலும் பழைய அமைப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்து சிடிஎன் கேஷைக் காலி செய்யுங்கள். கிளவுட்ஃப்ரண்டில் மாதத்துக்கு முதல் 1,000 பாதைகள் இலவசம், நட்சத்திரக் குறி போட்ட பாதை ஒன்றாகவே எண்ணப்படும். அதனால் படங்களின் ஃபோல்டருக்கு நட்சத்திரம் போட்டு ஒரே கோரிக்கையில் முடித்துவிடலாம். மூன்று நாள் புகார் ஏதும் வராவிட்டால் கேஷ் காலத்தை மறுபடி 30 நாளாக்குங்கள்.

10. நாளைக்கு ஏற்றப்போகும் படங்கள்

புதிய படத்துக்கு வெப்பி இல்லாவிட்டால் ஒன்றும் கெடாது, ஜேபெக் போகும். ஆபத்து, ஏற்கெனவே இருக்கும் படத்தை அதே பெயரில் மாற்றும்போது வருகிறது. மாமா ஒருமுறை குத்துவிளக்கின் விலை அட்டையை மாற்றிப் புதிய ஜேபெக்கை ஏற்றினார். பக்கத்தில் பழைய வெப்பி அப்படியே இருந்தது. அத்தையின் ஐபேடில் புதிய விலை, வாடிக்கையாளர்களின் போனில் பழைய விலை. இரண்டு பேர் பழைய விலைக்கே வாங்கிப் போனார்கள்.

ஒவ்வொரு இரவும் ஒரு க்ரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) ஓட விடுங்கள். ஜேபெக்கின் திருத்திய நேரம் அதன் வெப்பி, ஏவிஐஎஃப்பின் நேரத்தைவிடப் புதியதாக இருந்தால் அந்த இரண்டையும் முதலில் அழித்துவிட்டு, அப்புறம் புதிதாக உருவாக்க வேண்டும். அழிப்பது முதலில் நடக்கட்டும். நடுவில் மாற்றும் வேலை தடைபட்டாலும் ஜேபெக்தான் போகும், பழைய விலை போகாது. ஜேபெக்கே நீக்கப்பட்டிருந்தால் அதன் இரண்டு நகல்களையும் நீக்குங்கள், ஐநோடு மிச்சம். பகலில் அவசரமாக மாற்றும் படங்களுக்கு இரவு வரை காத்திருக்க முடியாது. எங்கள் கடையில் மாமா விலை அட்டையை இப்போது ஒவ்வொரு முறையும் தேதி சேர்த்த புதிய பெயரில் ஏற்றுகிறார்.